செயினை விட்டுடுங்க... ஸ்க்ரூவைக் கழட்டுங்க!

இந்த வாரம் தபாலில் வந்தது ஒரு தம்பியோட சோகக் கதை. விருதுநகர் பக்கம் பாலிடெக்னிக்கில் ஃபைனல் இயர். 'அண்ணா, என் லேப்டாப்பை ஆன் பண்ணிட்டு கேன்டீனுக்குப் போய் டீ, பஜ்ஜி எல்லாம் முடிச்சுட்டு வந்தாலும் அந்த வட்டம் சுத்திக்கிட்டேதான் இருக்கு. ப்ராஜெக்ட் ரிவ்யூவுக்கு இன்னும் ஆறே வாரம். அம்மா செயினை அடகு வெச்சாவது புதுசு வாங்கித் தர்றேன்னு அப்பா சொல்றார். எந்த மாடல் வாங்கலாம்?'

எந்த மாடலும் வேணாம் தம்பி. செயின் அம்மா கழுத்துலயே இருக்கட்டும். அப்பாகிட்ட ரெண்டு நாள் டைம் கேளுங்க. முதல்ல நோய் என்னன்னு பார்ப்போம், அப்புறம் மருந்து.

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப்... மூணு பட்டனையும் ஒண்ணா அமுக்குங்க. டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதுல 'பெர்ஃபார்மென்ஸ்' பக்கத்துக்குப் போங்க. சி.பி.யூ. பத்து, பதினஞ்சு பர்சென்ட்ல தேமேன்னு உட்கார்ந்திருக்க, டிஸ்க் மட்டும் 100 பர்சென்ட்டைத் தொட்டுக்கிட்டு கீழே இறங்கவே மாட்டேங்குதா? அப்ப குற்றவாளி சிக்கிட்டார். டிஸ்க் பேருக்குக் கீழேயே அது ஹார்ட் டிஸ்க்கா, எஸ்.எஸ்.டி.யான்னு விண்டோஸே எழுதிக் காட்டும். ஹார்ட் டிஸ்க்னு இருந்தா, உங்க லேப்டாப்போட மூளை நல்லாத்தான் இருக்கு, கால்தான் தடுக்குதுன்னு அர்த்தம். மாறா சி.பி.யூ.வே 100 பர்சென்ட்ல திணறுதுன்னா இந்தக் கட்டுரை உங்களுக்கு இல்ல. எஸ்.எஸ்.டி. போட்டாலும் பெரிசா மாறாது, காசு வேஸ்ட். அதை இப்பவே சொல்லிடறேன்.

ஏன் தடுக்குது? உள்ள ஒரு தட்டு சுத்துது, அதான். பெரும்பாலான லேப்டாப் ஹார்ட் டிஸ்க்குகள் நிமிஷத்துக்கு 5,400 சுற்று. அதாவது நொடிக்கு 90. ஒரு சுற்றுக்கு 11 மில்லி செகண்ட். கேட்கிறதுக்கு வேகமாத்தான் இருக்கு. ஆனா, ஒரு ஃபைலைப் படிக்கணும்னா படிக்கிற முள் அந்த இடத்துக்கு நகரணும், அப்புறம் தட்டு சுத்தி வர்ற வரைக்கும் காத்திருக்கணும். ரெண்டும் சேர்த்து சராசரியா 15 மில்லி செகண்டுக்கு மேல ஓடிடும். கணக்குப் போட்டுப் பாருங்க. அங்கங்கே சிதறிக் கிடக்கிற சின்னச் சின்ன ஃபைல்னா, நொடிக்கு அறுபது, எழுபது தடவைதான் எடுத்துத் தர முடியும். விண்டோஸ் எழுந்திருக்கும்போது கேட்கிறதோ ஆயிரக்கணக்கான துண்டு ஃபைல்கள். கூடவே ஆன்ட்டி வைரஸ் ஒரு பக்கம், அப்டேட் ஒரு பக்கம்.

காலேஜ் ஆபீஸ்ல டி.சி. வாங்கப் போன அனுபவம் இருக்கா? ஒரே ஒரு அட்டெண்டர். ஒவ்வொரு பையனுக்கும் ஒரு தடவை ரெக்கார்டு ரூமுக்கு நடந்து போய், பீரோவைத் திறந்து, ஒரு ஃபைலை எடுத்துட்டு வருவார். அவர் மேல தப்பே இல்ல, நடக்கிற தூரம் அப்படி. எஸ்.எஸ்.டி.யில் அந்த நடையே கிடையாது. தட்டும் இல்ல, முள்ளும் இல்ல. எல்லாம் சிப். எந்த ஃபைலைக் கேட்டாலும் 0.1 மில்லி செகண்டுக்குள்ள கையில கொடுத்துடும். நொடிக்கு ஆயிரக்கணக்குல, நல்ல டிரைவா இருந்தா பல பத்தாயிரக்கணக்குல. மக்கள் 'போட்டதும் புது லேப்டாப் மாதிரி ஆயிடுச்சு பாஸ்'னு சொல்றது இதனாலதான்.

இந்தச் சுத்துற தட்டு டெக்னாலஜி எவ்வளவு பழசு தெரியுமா? ஐ.பி.எம். கம்பெனி 1956-ல் விட்ட ராமாக்தான் தாத்தா. 24 இன்ச் அகலத்தில் 50 தட்டு, ஃப்ரிட்ஜைவிடப் பெரிய சைஸ், அத்தனையும் சேர்த்து 50 லட்சம் எழுத்துக்கள். இன்னைக்கு நீங்க எடுக்கிற ஒரு நல்ல செல்போன் போட்டோ அதுல அடங்கினா ஆச்சரியம். ஃப்ளாஷ் மெமரியைக் கண்டுபிடிச்சவர் ஜப்பானின் தோஷிபாவில் வேலை பார்த்த ஃபுஜியோ மசுவோகா. எஸ்.எஸ்.டி.க்குள்ள இருக்கிற நாண்ட் வகை வெளியுலகத்துக்கு அறிமுகமானது 1987-ல். நம்ம லேப்டாப் வரைக்கும் மலிவா வந்து சேர அதுக்கப்புறம் கால் நூற்றாண்டுக்கு மேல ஆச்சு.

சரி, மேட்டருக்கு வருவோம். எஸ்.எஸ்.டி. வாங்கணும்னு முடிவு பண்ணியாச்சு. எந்த எஸ்.எஸ்.டி.? இங்கதான் பாதிப் பேர் கோட்டை விடறாங்க. கடைக்காரர்கிட்ட போய் 'ஒரு எஸ்.எஸ்.டி. குடுங்கண்ணே'ன்னு கேட்கிறது, செருப்புக் கடையில சைஸ் சொல்லாம செருப்பு கேட்கிற மாதிரி.

பழைய லேப்டாப் எல்லாத்துக்கும் பொதுவானது 2.5 இன்ச் சாட்டா. ஹார்ட் டிஸ்க் இருந்த அதே குழியில, அதே கனெக்டர்ல உட்காரும். அரசு 2011-ல ஆரம்பிச்ச இலவச லேப்டாப் திட்டத்துல அக்காவுக்குக் கிடைச்சது வீட்டு அலமாரியில தூங்குதா? பெரும்பாலும் அதுக்கு இதுதான் வழி. ஒரு சின்ன விஷயம், அந்தக் கால ஹார்ட் டிஸ்க் பல 9.5 மில்லி மீட்டர் தடிமன். எஸ்.எஸ்.டி. 7 மில்லி மீட்டர். ஆட்டம் காட்டினா ஒரு பிளாஸ்டிக் ஸ்பேசர் வெச்சா போதும்.

அடுத்தது சின்ன சைஸ் ஆசாமிகள். ஸ்டாம்ப் சைஸ்னு சொல்ல முடியாது, ஆனா சட்டைப் பையில போட்டா மறந்துடுவீங்க. முதல்ல வந்தது எம்-சாட்டா. 2009-ல் அறிவிச்சாங்க. ரீஃபர்பிஷ்டு கடைகளில் 'ஐ.டி. கம்பெனி மாடல்'னு விக்கிறாங்களே கருப்பு திங்க்பேட், அதுல எக்ஸ்220, டி420, எக்ஸ்230, டி430 மாதிரி மாடல்கள்ல இந்த எம்-சாட்டா ஸ்லாட் ஒளிஞ்சிருக்கும். முதலாளி சிம் கார்டு மாட்டுற மோடமுக்காக விட்ட இடம் அது. ஹார்ட் டிஸ்க்கைக் கழட்டாமலே அங்க ஒரு எஸ்.எஸ்.டி.யைச் சொருகி விண்டோஸை அதுக்கு மாத்திடலாம். பழைய டிஸ்க் படம், பாட்டுக்கு. ஒண்ணு மட்டும் மனசுல வெச்சுக்குங்க, அந்த ஸ்லாட் சாட்டா-2 வேகம்தான், அதாவது நொடிக்கு 250 எம்.பி. சொச்சம். இதைக் கேட்டுட்டு மூஞ்சியைத் தூக்க வேண்டாம். நமக்கு வேணும்னு மேலே பார்த்தது அட்டெண்டரோட நடை குறையறது. அது அப்படியே கிடைக்கும்.

இப்ப ராஜ்யம் பண்றது எம்.2. சூயிங் கம் பட்டை மாதிரி ஒரு பச்சை அல்லது கருப்புப் பலகை. அதுமேல 2280, 2242, 2230-னு நம்பர் போட்டிருக்கும். பயப்படாதீங்க, முதல் ரெண்டு எண் அகலம் 22 மில்லி மீட்டர், மீதி ரெண்டு நீளம். 2280-ன்னா 80 மில்லி மீட்டர் நீளம். 2242 மட்டுமே உட்காருற லேப்டாப்புக்கு 2280 வாங்கிட்டு வந்தா, வாசல்ல கட்டிலை வெச்சுக்கிட்டு நிக்கிற கதைதான்.

நீளத்தைவிடப் பெரிய வில்லன் ஒருத்தர் இருக்கார். எம்.2 என்பது உருவம் மட்டும்தான். அதுக்குள்ள ஓடுறது சாட்டாவா இருக்கலாம், என்.வி.எம்.இ.யா இருக்கலாம். ரெண்டும் பார்க்க அண்ணன் தம்பி. கனெக்டர்ல இருக்கிற வெட்டைப் பாருங்க. ரெண்டு வெட்டு இருந்தா பெரும்பாலும் சாட்டா, ஒரே வெட்டு இருந்தா பெரும்பாலும் என்.வி.எம்.இ. 'பெரும்பாலும்'னு ரெண்டு தடவை சொல்லியிருக்கேன், கவனிச்சீங்களா? ரெண்டு வெட்டோட வர்ற என்.வி.எம்.இ.யும் உண்டு. அதனால கண்ணை நம்பாம, டப்பா மேல எழுதியிருக்கிறதைப் படிங்க. லேப்டாப் ஸ்லாட்டும் அப்படித்தான். சிலது சாட்டா மட்டும் ஏத்துக்கும், சிலது என்.வி.எம்.இ. மட்டும், சிலது ரெண்டையும். மாத்திச் சொருகினா வெடிக்கல்லாம் வெடிக்காது, ஆனா லேப்டாப் 'நீங்க யாரு?'ன்னு கேட்கும். இன்னொண்ணு, வை-ஃபை கார்டு இருக்கிற குட்டி ஸ்லாட்டும் எம்.2 குடும்பம்தான். அதைப் பார்த்துட்டு 'ஐ, எனக்கும் ஸ்லாட் இருக்கு'ன்னு கடைக்கு ஓடாதீங்க.

எப்படிக் கண்டுபிடிக்கிறது? லேப்டாப் அடிப்பக்க ஸ்டிக்கர்ல முழு மாடல் நம்பர் இருக்கும். கம்பெனி சைட்ல அந்த மாடலோட 'சர்வீஸ் மேனுவல்' இல்லேன்னா 'ஹார்டுவேர் மெயின்டெனன்ஸ் மேனுவல்' கிடைக்கும். எந்த ஸ்க்ரூவை முதல்ல கழட்டணும்கிற வரைக்கும் படம் போட்டு விளக்கியிருப்பாங்க. யாரோ ஒருத்தர் 'என் மாடல்ல வேலை செஞ்சுது'ன்னு சொல்றதைவிட இந்த மேனுவல் ஆயிரம் மடங்கு மேல்.

வேகத்தைப் பத்தி ஒரு விஷயம் சொல்றேன், கடைக்காரங்க கோவிச்சுக்கக் கூடாது. நல்ல சாட்டா எஸ்.எஸ்.டி. நொடிக்கு 550 எம்.பி. மூணாம் தலைமுறை என்.வி.எம்.இ. 3,500 எம்.பி. வரைக்கும். நாலாம் தலைமுறை 7,000. நம்பரைப் பார்த்தா வாயில தண்ணி ஊறும். ஆனா, ஹார்ட் டிஸ்க்கிலிருந்து சாட்டா எஸ்.எஸ்.டி.க்கு வர்றது மாட்டு வண்டியிலிருந்து பைக்குக்கு மாறுறது. சாட்டாவிலிருந்து என்.வி.எம்.இ.க்குப் போறது, அதே சிட்டி டிராஃபிக்ல பைக்கை விட்டுட்டு ஸ்போர்ட்ஸ் பைக் ஓட்டுறது. பெரிய பெரிய வீடியோ எடிட் பண்றவங்களுக்கு வித்தியாசம் தெரியும். ப்ராஜெக்ட் ரிப்போர்ட் அடிச்சு, கோட் எழுதி, பிரவுசர்ல இருபது டேப் திறக்கிறவங்களுக்கு பெரிசா தெரியாது. மூணாம் தலைமுறை ஸ்லாட் உள்ள லேப்டாப்ல நாலாம் தலைமுறை டிரைவைப் போட்டா வேலை செய்யும், மூணாவதோட வேகத்துலதான் ஓடும். கூடுதல் காசு கடைக்காரருக்கு அன்பளிப்பு.

அந்தக் காசை கொள்ளளவுல போடுங்க. 256 ஜி.பி. வாங்கினா விண்டோஸ்ல 238-ன்னு காட்டும். 500 வாங்கினா 465. ஏமாத்து இல்ல, கம்பெனிக்காரங்க ஆயிரத்தால வகுக்கிறாங்க, விண்டோஸ் 1,024-ஆல வகுக்குது. 238-ல விண்டோஸ், ஆபீஸ், ரெண்டு டிசைன் சாஃப்ட்வேர்னு ஏத்திப் பாருங்க... மூச்சு முட்டும். எஸ்.எஸ்.டி. கழுத்து வரைக்கும் நிரம்பினா வேகமும் குறையும். பத்து, பதினஞ்சு பர்சென்ட் எப்பவும் காலியா விடணும். அதனால முடிஞ்சவரைக்கும் 500 பக்கம் போங்க. கூடவே ராம் 4 ஜி.பி.தான் இருக்குன்னா, காலி ஸ்லாட் இருக்கான்னு பார்த்து இன்னொரு 4 ஏத்திடுங்க. ரெண்டும் சேர்ந்தாதான் முழு சுகம்.

'எஸ்.எஸ்.டி. சீக்கிரம் தேஞ்சு போயிடுமாமே?' பக்கத்து ரூம் சீனியர் சொல்லியிருப்பார். தேயும், உண்மைதான். எவ்வளவு எழுதலாம்கிறதை டி.பி.டபிள்யூ.ன்னு போட்டிருப்பாங்க. ஒரு நல்ல 500 ஜி.பி. டிரைவுக்கு 300 டெராபைட்னு வெச்சுக்குங்க. தினம் 40 ஜி.பி. எழுதினாலும் 7,500 நாள். இருபது வருஷம்! அதுக்குள்ள உங்க பையன் காலேஜ் சேர்ந்துடுவான். ஒரு செல்லுக்கு மூணு பிட் வைக்கிறது டி.எல்.சி., நாலு பிட் வைக்கிறது க்யூ.எல்.சி. விலை வித்தியாசம் கம்மியா இருந்தா டி.எல்.சி.யை எடுங்க.

வாங்குற இடம்? சென்னைன்னா ரிச்சி ஸ்ட்ரீட், மத்த ஊர்ல உங்களுக்குத் தெரிஞ்ச நாலு கடை, இல்லேன்னா ஆன்லைன். எங்க வாங்கினாலும் ரெண்டு இடத்துல விலை கேளுங்க. ஏ.ஐ. டேட்டா சென்டர்கள் மெமரி சிப்பை அள்ளிக்கிட்டுப் போனதுல 2025 கடைசியில ராம், எஸ்.எஸ்.டி. விலை எல்லாம் ஏறுச்சு. அதனால போன வருஷம் நண்பன் வாங்கின ரேட்டைச் சொல்லி சண்டை போடாதீங்க. பில்லும் கம்பெனி வாரன்டியும் கட்டாயம். மூணு வருஷம் சாதாரணம், அஞ்சு வருஷம் தர்றவங்களும் உண்டு. ஆன்லைன்ல ஆயிரம் ரூபாய்க்குள்ள '2 டி.பி. எஸ்.எஸ்.டி.'ன்னு யாராவது பேர் தெரியாத பிராண்டு காட்டினா, கும்பிடு போட்டுட்டு நகருங்க. டப்பாவைப் பிரிச்சா உள்ள ஒரு மெமரி கார்டு ஒட்டியிருக்கும். 2 டி.பி.ன்னு பொய்க் கணக்கு காட்டும், நிரம்பினதுக்கப்புறம் பழைய ஃபைல் மேலயே எழுதும். ப்ராஜெக்ட் போயே போச்சு.

இனி ஆபரேஷன். ஸ்க்ரூ டிரைவரைத் தொடுறதுக்கு முன்னாடி, உங்க ப்ராஜெக்ட், சர்டிஃபிகேட் ஸ்கேன், போட்டோ எல்லாத்தையும் வெளியில ஒரு காப்பி எடுங்க. பென் டிரைவோ, கூகுள் டிரைவோ, ஏதோ ஒண்ணு. டிஸ்க்கிலிருந்து 'டிக் டிக்'னு சத்தம் வந்தாலோ, கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போட்டுப் பார்த்து மஞ்சள் கலர்ல எச்சரிக்கை காட்டினாலோ, அதை இன்னைக்கே பண்ணுங்க. நாளைக்கு அது எழுந்திருக்கும்னு கேரன்டி இல்ல. அடுத்து, பிட்லாக்கர் ஆன்ல இருக்கான்னு பாருங்க. இருந்தா, அந்த 48 இலக்க ரெக்கவரி கீயை ஒரு பேப்பர்ல எழுதி வெச்சுக்குங்க. செல்போன்ல மட்டும் இல்ல, பேப்பர்ல!

பழைய விண்டோஸை அப்படியே குளோன் பண்றதா, புதுசா இன்ஸ்டால் பண்றதா? குளோன் பண்ண குளோன்ஜில்லா மாதிரி இலவச சாஃப்ட்வேர் இருக்கு, டிரைவ் கம்பெனிகளே சிலது தர்றாங்க. ஆனா 1 டி.பி. ஹார்ட் டிஸ்க்கை 500 ஜி.பி.க்குள்ள அடக்கணும்னா முதல்ல பார்ட்டிஷனைச் சுருக்கணும், அதுல கைப்பழக்கம் இல்லாதவங்க திணறுவாங்க. அஞ்சு வருஷக் குப்பையையும் சேர்த்தேதான் புது வீட்டுக்குக் கொண்டுவரணுமா? என் ஓட்டு புது இன்ஸ்டாலுக்கு. 8 ஜி.பி. பென் டிரைவ் ஒண்ணு போதும். ஏற்கெனவே ஒரிஜினல் விண்டோஸ் ஆக்டிவேட் ஆன லேப்டாப்னா, லைசென்ஸ் மதர்போர்டோட ஒட்டிக்கிட்டிருக்கும். அதே எடிஷனைப் போட்டு நெட் கனெக்‌ஷன் கொடுத்தா தானா ஆக்டிவேட் ஆயிடும்.

எந்த விண்டோஸ்ங்கிறது இன்னொரு தலைவலி. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்துக்கிட்டிருந்த வழக்கமான சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சுபோச்சு. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமா ஏறணும்னா, இன்டெல்ல பொதுவா எட்டாம் தலைமுறையோ அதுக்கு மேலயோ இருக்கணும். டி.பி.எம். 2.0-வும் வேணும். தம்பியோட லேப்டாப் ஆறாம் தலைமுறை ஐ3-ன்னு எழுதியிருக்கார். அவர் ப்ராஜெக்ட் பைத்தான், ஆர்டுயினோ. ரெண்டுமே லினக்ஸ்ல ஜம்முனு ஓடும், அதனால லினக்ஸ் மின்ட் போடுங்கன்னு தைரியமா சொல்வேன். இதுவே மெக்கானிக்கல் டிபார்ட்மென்ட், ஆட்டோகேடும் சாலிட்வொர்க்ஸும் வேணும்னா பதில் வேற. அவங்க விண்டோஸைவிட்டு நகர முடியாது. அப்ப எட்டாம் தலைமுறைக்கு மேல ஒரு ரீஃபர்பிஷ்டு லேப்டாப்பும் விலை கேட்டுப் பாருங்க. பழசுக்குச் செலவு பண்றதைவிட அது லாபமா இருக்கலாம்.

கழட்டும்போது அவசரம் வேண்டாம். ஷட் டவுன் பண்ணி, சார்ஜரை உருவி, பேட்டரியைக் கழட்டுங்க. பேட்டரி உள்ள இருந்தா மூடியைத் திறந்ததும் முதல் வேலையா அதோட கனெக்டரை விடுவிங்க. கையில ஸ்டாட்டிக் கரன்ட் இருக்கும், ஒரு இரும்புக் கிராதியைத் தொட்டுட்டு உட்காருங்க. ஸ்க்ரூ எல்லாம் ஒரே நீளம் இருக்காது. ஒரு பேப்பர்ல லேப்டாப் படம் வரைஞ்சு, எந்த ஸ்க்ரூ எங்கிருந்து வந்ததோ அங்கேயே செலோ டேப் போட்டு ஒட்டுங்க. நீள ஸ்க்ரூவை குட்டி ஓட்டையில முறுக்கினா கீபோர்டு பக்கம் முட்டிக்கிட்டு வரும். எம்.2 டிரைவை ஸ்லாட்ல சுமார் 30 டிகிரி சாய்வா நுழைச்சு, அப்புறம் படுக்க வெச்சு, ஒரே ஒரு குட்டி ஸ்க்ரூவால இறுக்கணும். அந்த ஸ்க்ரூ டப்பாவுல வராமலும் போகலாம். வாங்கும்போதே கடையில கேட்டு வாங்கிடுங்க. அது கீழே விழுந்தா ஹாஸ்டல் ரூம் முழுக்க பெருக்கினாலும் கிடைக்காது.

ஆன் பண்ணினதும் பயாஸ்ல டிரைவ் பேர் தெரியுதான்னு பாருங்க. தெரிஞ்சா முக்கால்வாசி கிணறு தாண்டியாச்சு. பயாஸ்ல தெரிஞ்சும் விண்டோஸ் இன்ஸ்டாலர்ல தெரியலையா? பதினோராம் தலைமுறை இன்டெல்ல இது சகஜம். வி.எம்.டி.ங்கிற இன்டெல் டிரைவரை லேப்டாப் கம்பெனி சைட்டிலிருந்து இறக்கி, பென் டிரைவ்ல வெச்சுக் காட்டினா சரியாயிடும். இன்ஸ்டால் முடிஞ்சதும் 'டீஃப்ராக்' பண்ணணும்னு யாராவது அட்வைஸ் பண்ணினா சிரிச்சுட்டு விட்டுடுங்க. அது தட்டு சுத்துன காலத்துச் சமாச்சாரம். எஸ்.எஸ்.டி.க்கு வேண்டிய டிரிம் வேலையை 2009-ல வந்த விண்டோஸ் 7-லிருந்தே சிஸ்டம் தானா பார்த்துக்குது.

அந்த டிரிம்ல ஒரு ஆபத்தும் இருக்கு. ஹார்ட் டிஸ்க்ல தெரியாம டெலீட் பண்ணின ஃபைலை ரெக்கவரி சாஃப்ட்வேர் போட்டு மீட்டவங்க நிறையப் பேர். எஸ்.எஸ்.டி.யில டிரிம் ஓடிட்டா அந்த இடம் துடைச்சுப் போயிடும், மீட்கிறது ரொம்பக் கஷ்டம். சாகுறதும் அப்படித்தான். சத்தம் போட்டு எச்சரிக்காம ஒரு நாள் பொசுக்குனு காணாமப் போகலாம். அதனால கழட்டின பழைய ஹார்ட் டிஸ்க் நல்ல நிலையில இருந்தா தூக்கிப் போடாதீங்க. 2.5 இன்ச் சாட்டா டிஸ்க்குக்கு யூ.எஸ்.பி. 3.0 கேஸ் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். அதுக்குள்ள போட்டு, ஞாயித்துக்கிழமை தோறும் ப்ராஜெக்ட் ஃபோல்டரைக் காப்பி பண்ணுங்க. காப்பி ஓடும்போது மட்டும் மடியில வெச்சு ஆட்டாதீங்க, உள்ள இன்னும் தட்டு சுத்திக்கிட்டுதான் இருக்கு. டிஸ்க்கை விக்கப் போறீங்களா? சும்மா டெலீட் பத்தாது, 'குவிக்' டிக்கை எடுத்துட்டு முழு ஃபார்மட் போடுங்க. 1 டி.பி.க்கு சில மணி நேரம் ஆகும். ராத்திரி போட்டுட்டுத் தூங்கலாம்.